ஒன்பது லாரி

காலையில் எண்ணூர் விரைவுச் சாலையில் ஒன்பது கன்டெய்னர் லாரிகள்தான் நின்றன. செல்வநாதன் பைக்கை ஓரங்கட்டி இரண்டாம் முறையும் எண்ணினான். ஒன்பதுதான்.

எண்ணுவது மனைவி ஜானட்டின் பழக்கம். ராயபுரத்திலிருந்து பைக்கில் பின்னால் உட்கார்ந்து வருவாள். துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் ஒவ்வொரு லாரிக்கும் அவன் முதுகில் விரலால் ஒரு தட்டு. நூறைத் தாண்டினால் நாட்டில் சரக்கு ஓடுகிறது, போட்ட பணம் பத்திரம். அந்தப் பக்கத்தில் பலருக்கும் அதுதான் பொருளாதாரம். மணலி புதுநகரில் ஒரு மனை வாங்குவதற்காக மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் போட்டுவந்தாள். எட்டு மாதத்துக்கு முன் காய்ச்சல் வந்தது. நான்கே நாள். ஃபண்ட் இவன் பெயருக்கு மாறியது.

மூன்று மாதமாகச் சந்தை சரிகிறது. மணலியில் அவன் வேலை பார்க்கும் பிளாஸ்டிக் கம்பெனியில் இரண்டு ஷிப்டு ஒன்றாகிவிட்டது.

கம்பெனி வாசலில் டீக்கடை போட்டிருக்கும் அன்புமணிக்கு அரசாங்கத்தின் மேல் கோபம். வட்டியைக் குறைத்ததைப் பற்றிப் பேச்சு வந்தது.

"வட்டிய கொறச்சா ஆச்சா? வாங்க ஆளு இல்லாத சரக்க எவன் செய்வான்? ஜனங்க கையில கூலி குடு, அப்பால பாரு."

செல்வநாதனுக்கும் அதுதான் எண்ணம். சரியும்போது விற்காதே, நீண்ட காலத்துக்குப் பொறு என்று டிவியில் ஒருவர் தினமும் சொல்கிறார். அடுத்த மாதச் சம்பளம் நிச்சயமாக இருப்பவர்களின் யோசனை அது. நீண்ட காலம் என்பது எவ்வளவு நாள் என்று அவனுக்குத் தெரியும்.

பதினொரு மணிக்கு மொத்தத்தையும் விற்கச் சொல்லி போனில் அழுத்தினான். மூன்று மணிக்குள் ரத்து செய்யலாம் என்றது திரை.

உட்கார முடியவில்லை. ஒன்றரை மணிக்கு ஜானட்டின் தம்பி ஃப்ரெடியைக் கூப்பிட்டு, காலையில் ஒன்பதே லாரி நின்றதையும் விற்றதையும் சொன்னான். ஃப்ரெடி டிரெய்லர் லாரி ஓட்டுகிறவன்.

"ஒம்போதா? மாமா, இன்னிலேர்ந்து ரோட்டுல நிக்கக் கூடாதுன்னுட்டானுங்க. டோக்கன் குடுத்து எல்லா வண்டியும் சடையங்குப்பத்தாண்ட ஒரு கிரவுண்டுல கீது. கூப்ட்டாதான் போவணும். நானும் இங்கதான் கீறேன்." பிறகு சொன்னான்: "கேன்சல் பண்ணிரு. அக்கா போட்டது."

ஒரு அழுத்துதான். ஆனால் கண்ணால் பார்க்காமல் முடியாது என்று தோன்றியது. அரைநாள் லீவு சொல்லிவிட்டுப் போனான்.

சேறு காயாத திடல் முழுக்க லாரிகள். முதல் வரிசையிலிருந்து எண்ணிக்கொண்டே நடந்தான். வண்டியடியில் சமைத்துக்கொண்டிருந்த ஒருவர், ஆர்டிஓ வந்துட்டாருடா என்று கூவினார். நாற்பதைத் தாண்டியபோது ஃப்ரெடி வந்து சேர்ந்துகொண்டான். பாதி வண்டி காலி, லோடு கிடைக்காமல் நிற்கிறது என்று அவன்தான் சொன்னான். அப்படியானால் சரக்கு ஏற்றியதை மட்டும்தான் எண்ண வேண்டும். செல்வநாதன் திரும்பிப்போய் முதலிலிருந்து ஆரம்பித்தான். எண்பத்து மூன்றில் ஒரு டோக்கனைக் கூப்பிட்டார்கள். நடுவிலிருந்து நான்கு வண்டிகள் நகர்ந்தன. எதை எண்ணினோம், எதை விட்டோம் என்பது குழம்பிவிட்டது.

மறுபடி முதல் வரிசைக்கு வந்தான். முதுகு வெறுமையாக இருந்தது.

"மாமா, கேன்சல் பண்ட்டியா?"

போனை எடுத்துப் பார்த்தான். மூன்று ஐந்து. ரத்து செய்யும் பொத்தான் திரையில் இல்லை.

போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, முதல் லாரியின் கன்டெய்னரில் விரலால் ஒரு தட்டுத் தட்டினான். ஒன்று. அடுத்ததற்கு நடந்தான்.