அவளிடம் மட்டும் சொல்லாதது

மனைவி அறைக்குள் வந்ததும் மருந்துக்கடைக்காரர் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தார்.

"புழுக்கமா இருக்கு," என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. சாரல் படுக்கையை நனைத்தது. அவள் படுக்கையைச் சுவரோரம் இழுத்துப் போட்டாள்.

இரண்டு வருஷமாக அவருக்குப் படுக்கை ஹாலில்தான். குழந்தை இல்லாத கோபம் போலும் என்று அவள் தன்னையே நொந்துகொள்வது அவருக்குத் தெரியும். உண்மை வேறு. அவள் மூச்சில் அழுகல் வாடை. அதை அம்மாவிடம் சொன்னார், அக்காவிடம் சொன்னார், கடைசியில் வக்கீலிடமும் சொன்னார். அவளிடம் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

"தீராத வியாதின்னு டாக்டர் ஒரு வரி எழுதிட்டாப் போதும்டா. பொறந்த வீட்டுக்கு அனுப்பிடலாம்," என்றாள் அம்மா. மறுநாளே அம்மாவும் மகனும் மருமகளுமாக மூவரும் கிளம்பினார்கள்.

காது மூக்கு தொண்டை டாக்டரம்மா, நெற்றி விளக்கோடு மூக்குக்குள் பார்த்தார்.

"உள்சதை சுருங்கி வறண்டிருக்கும்மா. பொருக்குத் தட்டி, அதுல கிருமி தங்குது. வாடை அதனாலதான். சுத்தமில்லாம வர்றதில்ல. உனக்கு எந்த வாசனையும் தெரியாதே?"

"பால் தீஞ்சாக்கூடத் தெரியாது டாக்டர். அத்தை திட்டுவாங்க."

"கூட இருக்கறவங்கதான் சொல்லணும். ஏன் சார், நீங்க சொல்லலியா?"

மனைவி திரும்பிப் பார்த்தாள். தெருவில் யாருக்கு மூக்கடைத்தாலும், காது வலித்தாலும், தொண்டை கட்டினாலும் யோசனை சொல்கிற மனிதர் தரையைப் பார்த்தார்.

"எப்படிம்மா சொல்றது... கூச்சம்தான்," என்று இழுத்தாள் அம்மா.

"நாத்தனார் வீட்டுல என்னைத் தனியா உக்கார வச்சாங்களே அத்தை, அவங்ககிட்ட சொல்லக் கூச்சமா இல்லியா?"

அம்மா டாக்டர் பக்கம் திரும்பினாள். "தீராதுன்னு ஒரு சீட்டு..."

"ஒரு பொண்ணை விலக்கி வைக்க நான் சீட்டு எழுதறதில்லம்மா. தினம் உப்புத்தண்ணியால கழுவி, சொட்டு மருந்து விட்டா வாடை கட்டுப்படும்."

சாயங்காலம் கடையில் ஏழெட்டுப் பேர். காதுச் சொட்டு மருந்தை எப்படி விடுவதென்று ஒருவருக்குத் தலையைச் சாய்த்துக் காட்டிக்கொண்டிருந்தார் அவர். அடுத்து மருந்துச் சீட்டை நீட்டிய கை, மனைவியுடையது.

"மூக்குல நாத்தம் வர்ற வியாதி. எனக்குத்தான்."

கடையில் இருந்த எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின.

"வீட்டுக்குக் கொண்டு வர்றேனே..." அவருக்குக் காது மடல் சிவந்தது.

"வேணாம். இவங்களுக்குச் சொல்ற மாதிரி எனக்கும் சொல்லுங்க. எத்தனை சொட்டு, எத்தனை வேளைன்னு."

அவர் தலை நிமிராமல் சொல்லத் தொடங்கினார்.

"கொஞ்சம் சத்தமா," என்றாள் அவள்.