முதலில் திரை

நர்ஸிங் இரண்டாம் ஆண்டில் அவளுக்கு ‘வீம்பு’ என்று பட்டப்பெயர். செய்முறைத் தேர்வன்று காலையில்கூட அம்மா போனில், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்து பாஸ் பண்ணிவிட்டு வா என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

தேர்வு பெண்கள் வார்டில். மூச்சிரைப்போடு சேர்ந்திருந்த ஒரு தையல்கார அம்மாவின் கட்டிலைச் சுற்றிப் பையன்களும் பெண்களுமாக வகுப்பே நின்றது. வீம்பின் முறைதான் முதலில் வந்தது. வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அம்மையார், மேல்துணியை எடுத்துவிட்டு நுரையீரலைப் பரிசோதித்துக் காட்டு என்றார்.

அவள் திரையை இழுத்தாள். கம்பியில் பாதி வளையங்கள் இல்லை. திரை நடுவழியில் நின்றுவிட்டது. தையல்கார அம்மா கழுத்துப் பட்டனை இறுகப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துக் கிடந்தார்.

“நேரமாகுது. நோயாளிதானே, எடும்மா” என்றார் தேர்வாளர்.

அவள் திரையை விட்டுவிட்டுத் திரும்பினாள். குரல் பிசிறவில்லை. “மறைப்பு இல்லாம நான் தொட மாட்டேன், மேடம்.”

“அப்போ மார்க் கிடையாது.”

“பரவாயில்ல. பையன்க வெளிய போகட்டும்.”

பையன்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டு நழுவினார்கள். காலிக் கட்டிலிலிருந்து ஒரு போர்வையை உருவி, இரண்டு தோழிகளிடம் பிடிக்கக் கொடுத்தாள். பிறகு குனிந்து, பார்க்கலாமாம்மா என்று கேட்டாள். அந்த அம்மா தானே பட்டனைக் கழற்றினார்.

ஸ்டெத்தை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கினாள். மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்தாள், முதுகில் கை வைத்துப் பார்த்தாள், விரலால் தட்டினாள். வலப்பக்கம் அடியில் சத்தம் மந்தமாக இருந்தது. அங்கே மூச்சொலியும் மங்கல். சொன்னாள். தேர்வாளர் தானும் வைத்துக் கேட்டுவிட்டு, சரிதான் என்றார். ஆனாலும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்று ஃபெயில் போட்டார்.

வராந்தாவுக்கு வந்த பிறகுதான் அழுதாள்.

உள்ளே அடுத்த மாணவியைக் கூப்பிட்டார்கள். தையல்கார அம்மாவின் குரல் மூச்சு வாங்க வாங்கக் கேட்டது.

“போர்வையைப் பிடிச்சாத்தான் பட்டனைக் கழட்டுவேன். எனக்கென்ன, நானா பரீட்சை எழுதுறேன்?”

வீம்பு கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். உனக்கு இங்கே என்ன வேலை என்றார் தேர்வாளர். அவள் போர்வையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். கடைசி ஆள் முடிக்கும்வரை விடவில்லை.