பிரேமாவதி வீட்டு ஹால்

சுங்கை லாலாங்கில் செம்பனைக் காட்டை ஒட்டிய தாமான் குடியிருப்பில், பிரேமாவதி வீட்டு ஹாலை முன்கதவிலிருந்து சமையற்கட்டு வரை நடந்து கடக்க, நல்ல கால் உள்ள ஆளுக்கே அரைப்பொழுது ஆகும். வெளியிலிருந்து பார்த்தால் அது வரிசையிலுள்ள மற்ற மலிவு விலை வீடுகளைப் போலத்தான் இருக்கும். பக்கத்து வீட்டுச் சின்னையா கட்டட வேலை பார்க்கிறவர். ஒருமுறை அளவு நாடாவை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நாடா தீர்ந்த இடத்தில் சாக்கட்டியால் கோடு போட்டு, அங்கிருந்து மறுபடி அளந்தார். சாக்கட்டியும் தீர்ந்தபிறகு திரும்பி நடந்து வந்து, வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுப் படுத்துக்கொண்டார். நகராண்மைக் கழகத்திலிருந்து ஓர் அதிகாரியும் வந்தார். அனுமதி வாங்காமல் வீட்டை நீட்டியிருப்பதாகப் புகார் என்றார். முன்பக்கம் பார்த்தார், வரிசையின் கோடியைச் சுற்றிப் பின்சந்துக்குப் போய்ப் பின்பக்கமும் பார்த்தார். எதுவும் நீளவில்லை என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தார். சட்டம் வெளிச்சுவரோடு முடிந்துவிடுகிறது.

அந்த ஹால் ஒரு காலத்தில் எல்லார் வீட்டு ஹாலையும் போலத்தான் இருந்தது. பிரேமாவதி கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தாள். விடியுமுன் பஸ் வரும். போனால் நாள் முழுக்க மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, நகத்தளவு சில்லுகளில் மயிரிழைக் கீறல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவள் கணவன் லோகேஸ்வரன் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டினான். மகள் வாணி படித்து முடித்து, கல்யாணமாகி அலோர் ஸ்டார் போய்விட்டாள். அதன்பிறகுதான் பிரேமாவதிக்குப் பஸ்ஸின் நம்பர் மங்கியது. அடுத்து அரிசியில் கிடக்கும் கல் தெரியாமல் போனது. கண்ணாடி மாற்றிப் பார்த்தாள். கீறல் விழுந்த சில்லுகள் அவள் கையைத் தாண்டிப் போகவும், சூப்பர்வைசர் அவளைப் பெட்டி கட்டும் பகுதிக்கு அனுப்பினார். பெட்டியின் மேல் எழுதியிருப்பதும் தெரியவில்லை என்றானபோது வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அதற்குப் பிறகுதான் டிவி வந்தது. சமையற்கட்டுச் சுவரைப் பாதி அடைக்கும் அளவு பெரிய டிவி. மாட்ட வந்தவன், "அண்ணே, இந்த சைஸுக்குப் பத்தடி தள்ளி உட்காரணும். கிட்ட உட்காந்தா கண்ணு போயிரும்" என்று சொல்லிவிட்டுப் போனான். லோகேஸ்வரன் தன் வாழ்நாளில் யார் சொல்லையும் இவ்வளவு பயபக்தியாக எடுத்துக்கொண்டதில்லை. தரையில் சிவப்பு டேப் ஒட்டினான். டேப்புக்குப் பின்னால், முன்கதவை ஒட்டி சோபாவைப் போட்டான். அங்கிருந்து பார்த்தால் பிரேமாவதிக்கு முகங்கள் எல்லாம் பிசைந்த மாவாகத் தெரிந்தன. ஒவ்வொரு சாயங்காலமும் ஒரு டைல் முன்னால் நகர்ந்தாள். கடைசியில் ஒரு முக்காலியைப் போட்டு, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் உட்கார்ந்தபோதுதான் ஒரு நடிகையின் மூக்குத்தியாவது கண்ணுக்குப் பட்டது.

"மறைக்குது பிரேமா. தள்ளிப் போ லா."

"அங்கேருந்து ஒன்னும் தெரியலங்க."

"கிட்டப் போய்ப் போய்த்தான் கண்ணு இப்படி ஆயிருச்சு."

இதை அவன் வீட்டோடு வைத்துக்கொள்ளவில்லை. கோயிலில் சொன்னான், கல்யாணப் பந்தியில் சொன்னான், வாணியிடம் போனில் சொன்னான். பிரேமாவதி டிவி பார்த்தே கண்ணைக் கெடுத்துக்கொண்டாள் என்பது அந்தத் தாமானில் நிலைத்த செய்தியாயிற்று. கண் போனது முதலில், டிவி வந்தது பிறகு என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் யாருக்கும் அது தோன்றவில்லை.

தொழிற்சாலையில் அவளுக்குப் பக்கத்து இருக்கையில் இருந்த கலைமகளுக்கும் கண் போய்க்கொண்டிருந்தது. இழப்பீடு கேட்கலாம் என்று அவள்தான் பிரேமாவதியைக் கிளப்பினாள். கலைமகள் தனியாகப் போய்த் தொழிற்சாலையின் டாக்டரைப் பார்த்தாள், அவளுக்குக் கிடைத்தது. பிரேமாவதியைக் காரில் லோகேஸ்வரன் அழைத்துப் போனான், கூடவே உள்ளேயும் வந்தான். டாக்டர் நல்ல பையன், இளவயது. கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, வீட்டில் டிவி பார்ப்பதுண்டா, எவ்வளவு தூரத்தில் உட்காருவீர்கள் என்று கேட்டார். பிரேமாவதி வாய் திறப்பதற்குள், "மூக்கு இடிக்கும் டாக்டர். எத்தனை தடவ சொல்லிட்டேன், கேக்கறதே இல்ல" என்றான் லோகேஸ்வரன். அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தன் பக்கம் பேச ஒரு படித்தவர் கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் சொன்னான். டாக்டர் தலையாட்டினார். கண் கெட்டதற்கு வேலை காரணமில்லை என்று முடிவாகிவிட்டது.

திரும்பி வரும் வழியெல்லாம் பிரேமாவதி பேசவில்லை. ஏன் பேசாமல் வருகிறாள் என்று அவனுக்குப் புரியவுமில்லை. அன்று சாயங்காலம் அவள் முக்காலியில் உட்கார்ந்தாள், அவன் சோபாவில் உட்கார்ந்தான். மறுநாள் காலை சோபாவுக்கும் சிவப்பு டேப்புக்கும் நடுவில் ஒரு கார் நிறுத்தும் அளவு இடம் இருந்தது. புதிதாக முளைத்த தரையிலும் அதே டைல், அதே பூ. லோகேஸ்வரன் முதலில் பூரித்துப் போனான். இவ்வளவு தள்ளி உட்கார்ந்தால் கண்ணுக்கு எவ்வளவு நல்லது என்று சின்னையாவைக் கூப்பிட்டுக் காட்டினான். அடுத்த வாரம் சமையற்கட்டிலிருந்து சோபாவுக்கு வருவதற்குள் தேநீர் ஆறிவிட்டது. அடுத்த மாதம் ஆடை படிந்துவிட்டது. பிறகு அவள் கொண்டு வருவதை நிறுத்திவிட்டாள், அவன் வெளியே கடையில் சாப்பிடப் பழகிக்கொண்டான். குளிக்க வாசல் குழாய் இருந்தது, படுக்க சோபா இருந்தது. அவன் இன்னும் பெரிய டிவி வாங்கினான். ஆட்கள் அதைப் பின்சந்து வழியாகக் கொண்டுபோய் மாட்டினார்கள். ஹால் அதற்கும் சேர்த்து நீண்டது. சோபாவிலிருந்து பார்க்க அது தபால்தலை மாதிரி மினுங்கியது. வசனம் வந்து சேர்வதற்குள் சீனே மாறிவிடும்.

தீபாவளிக்கு வந்த வாணி பாயை ஹாலின் நடுவில் விரித்து, அப்பாவுக்கு ஒரு தட்டும் அம்மாவுக்கு ஒரு தட்டும் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவள் பிள்ளைகளுக்கு அந்த வீடு ரொம்பப் பிடித்திருந்தது.

"அம்மா, அப்பாகிட்ட நீங்க ஒரு வார்த்தை பேசுங்களேன். எல்லாம் சரியாயிரும்."

"நான் உட்காந்த இடத்துலயேதான் உட்காந்திருக்கேன் வாணி. நகந்தது நானில்ல."

வாணி அலோர் ஸ்டாருக்குத் திரும்பிப் போனாள். சில வருஷம் ஓடியது.

லோகேஸ்வரன் கோத்தா கோலா மூடாவுக்குப் போய், படகு விற்றுவிட்ட ஒரு மீனவரிடமிருந்து தொலைநோக்கி வாங்கி வந்தான். பந்தாட்டம் பார்க்கத்தான் வாங்கினான். சோபாவில் உட்கார்ந்து கண்ணில் வைத்ததும், அதில் பந்தாட்டம் தெரியவில்லை, மனைவியின் பின்தலை தெரிந்தது. அவ்வளவும் நரைத்திருந்தது. அவள் படத்தைப் பார்க்கவில்லை. உள்ளங்கையைத் திரையில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். சூடு எங்கே அதிகம், எங்கே குறைவு என்று பார்க்கிறவளைப் போல இருந்தது. அவன் தொலைநோக்கியை இறக்கி மடியில் வைத்தான். அதன்பிறகு அன்று அவன் டிவி பார்க்கவில்லை.

மறுநாள் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அவன் நடக்க ஆரம்பித்தான். வெளியே போய் வரிசையைச் சுற்றி வந்திருந்தால் ஒரு சிகரெட் பிடித்து முடிக்கும் நேரம்கூட ஆகியிருக்காது. ஆனால் பின்சந்தில், குப்பைத்தொட்டிப் பக்கத்தில் நின்று சொந்த வீட்டுக் கதவைத் தட்ட அவனுக்கு மனம் வரவில்லை. உள்ளேயே நடந்தான். அந்த டாக்டரிடம் தான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்பதைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். வழிநெடுக அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனான். முதலில் சரியாக வந்தது. கால் வலித்தபோது கொஞ்சம் மாறியது. தாகம் எடுத்தபோது இன்னும் கொஞ்சம் மாறியது. அவன் முக்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றபோது விளக்கு வைக்கும் நேரமாகியிருந்தது. காலடியை வைத்தே அவள் அவனைத் தெரிந்துகொண்டு, எழுந்து போய்த் தண்ணீர் கொண்டு வந்தாள். கை தடவித்தான் நடந்தாள், ஆனால் ஒரு சொட்டும் சிந்தவில்லை. அவன் குடித்தான்.

"கண்ணு எப்படி இருக்கு?"

"வெளிச்சம் மட்டும் தெரியுது."

டம்ளரை அவள் கையில் கொடுத்தான். பிறகு, "டாக்டர்கிட்ட நான் உள்ளதைத்தானே சொன்னேன், பிரேமா" என்றான்.

இப்படித்தான் அது கடைசியில் அவன் வாயிலிருந்து வந்தது.

"உள்ளதுதாங்க" என்றாள் பிரேமாவதி. "ஏன் கிட்ட உட்காந்தேன்னு அவரு கேக்கல. அவரு புதுசா வந்த ஆளு, விட்டுருங்க. நீங்க இத்தனை வருஷமா ஒரு தடவகூட கேக்கல."

சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். கருவாட்டுக் குழம்பு இருந்தது, சாப்பிட்டான். பிறகு வந்த வழியே திரும்பி நடந்தான். அவன் செருப்புச் சத்தம் தேய்ந்துகொண்டே போவதை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். நின்று, திரும்பி, ஒரு வார்த்தை சொல்வானோ என்று கேட்டாளா, போய்விட்டான் என்று உறுதி செய்துகொள்ளக் கேட்டாளா என்று அவளுக்கே தெரியவில்லை. சத்தம் நின்றபிறகு டிவியை அணைத்தாள்.

அதன்பிறகு ஹால் நீளவுமில்லை, குறையவுமில்லை. தாமான்காரர்கள் பழகிக்கொண்டார்கள். கேஸ் கொண்டு வருகிற குணாளன் ஒரு தோம்பை முன்வாசலில் இறக்குகிறான், லாரியைச் சுற்றி ஓட்டிப்போய் இன்னொன்றைப் பின்சந்தில் இறக்குகிறான். கலைமகள் தன் மகன் கல்யாணத்துக்கு முன்கதவில் ஒரு பத்திரிகை, பின்கதவில் ஒரு பத்திரிகை என்று கொடுத்தாள்.

"அவ வர்றாளா?" என்று லோகேஸ்வரன் கேட்டான்.

"வரேன்னாங்க அண்ணே. எங்க வீட்டுக் காரு வந்து கூட்டிப்போயிரும்."

"சரி. நான் சின்னையா கூட வந்துர்றேன்."

தாமானுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் யாராவது விசாரித்தால், அந்த வீடு கொஞ்சம் நீளம் என்று சொல்வார்கள். கேட்டவர்களும் சரி என்று தலையாட்டிவிட்டு, இங்கே தண்ணீர் ஒழுங்காக வருமா என்று கேட்பார்கள்.