நாற்பது விநாடி

நாலாவது தடவையும் ஃப்ளாப்பியை டிரைவில் தள்ளினான் கம்ப்யூட்டர் கடைக்காரன் தபரேஸ். அது கறகறவென்று தேய்த்துவிட்டு நின்றது. தேவகி வாணியம்பாடி முழுக்க அலைந்ததில், ஃப்ளாப்பி படிக்கும் டிரைவ் இருந்தது அவன் கடையில்தான். உட்காரும்படி இரண்டு தரம் சொல்லிவிட்டான். தேவகி உட்காரவில்லை.

ஆம்பூரில் அம்மா சம்பூர்ணத்துக்கு இன்றைய பொழுது தாண்டாது என்று காலையில் டாக்டர் சொல்லியிருந்தார். அம்மா கேட்டது ஒன்றுதான். "புகழு பேசனத ஒரு வாட்டி போட்டுக் காட்டுடி."

அண்ணன் புகழேந்தி இருபத்துநாலு வருஷத்துக்கு முன் கம்ப்யூட்டர் வகுப்பில் தன் குரலைப் பதிவு செய்து கொண்டுவந்தான். "கம்ப்யூட்டர் வாங்கனதும் கேக்கலாம்மா" என்றான். அடுத்த வாரம் லாரி அடித்துச் செத்துப்போனான். வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வரவேயில்லை. வெளியே கொடுத்துக் கேட்கலாம் என்று தேவகி சொன்னபோதெல்லாம், "எவனாச்சும் அழிச்சிடுவான்" என்று அம்மா மறுத்துவிட்டாள். பிடிவாதத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை.

"பேரு காட்டுது, பாருங்க்கா" என்றான் தபரேஸ்.

திரையில் 'அம்மா' என்று ஆங்கில எழுத்தில் ஒரே ஒரு கோப்பு. தேவகி மேசைமேல் குனிந்தாள்.

"போடு தம்பி, போடு."

ஸ்பீக்கரில் நாற்பது விநாடி உஸ்ஸென்று இரைச்சல். அவ்வளவுதான்.

"வேற வழியில பாருப்பா. உன் கால்ல வேணா விழறேன்."

"ஐயோ, இன்னாக்கா பேச்சு இது! பேருதான் மிச்சம், உள்ள இருந்தது அழிஞ்சிருக்கு. இத்தினி வருசம் எதுல வெச்சிருந்தீங்க?"

ஃப்ளாப்பி இருந்த சின்னப் பையை மேசைமேல் வைத்தாள். தோல் ஃபேக்டரியில் சேர்ந்த முதல் வருஷம், கழித்துப்போட்ட தோலில் ஃப்ளாப்பிக்கென்றே அளவெடுத்து, அவளே வெட்டித் தைத்துப் பட்டன் போட்டு அம்மாவுக்குக் கொடுத்தது.

தபரேஸ் மூடியைத் தூக்கி விட்டான். அது தானாகப் போய் ஒட்டிக்கொண்டது. ஒரு ஸ்க்ரூவைக் கிட்டே கொண்டுபோனான். பட்டன் அதை இழுத்துக்கொண்டது.

"மேக்னட்டுக்கா. ஃப்ளாப்பிக்கு இதான் ஆவாது."

ஒரு நாளைக்கு நானூறு மேக்னட் பட்டன் போடுகிற கை அவளுடையது. யாரும் அவளுக்கு இதைச் சொன்னதில்லை.

ஃபோன் அடித்தது. சித்தி ராஜம்மாள். "எங்கடி கீற? அக்காக்கு கண்ணு சொருவுது. உன்னத்தான் கேக்குறா."

"அந்தச் சத்தத்தையாவது ஃபோன்ல ஏத்திக் குடுப்பா" என்றாள் தேவகி.

"அதுல ஒண்ணுமில்லக்கா."

"குடுப்பா. வெறுங்கையோட எப்பிடிப் போவேன்?"

பஸ்ஸில் வழியெல்லாம் அதையே காதில் வைத்துக் கேட்டாள். ஓர் எழுத்துகூட இல்லை. பாவி, நானே அண்ணனை அழித்துவிட்டேனே என்று வாய்விட்டு அழுதாள். பக்கத்து சீட்டுப் பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

அம்மா கண்ணைத் திறக்கவில்லை. "கெடச்சிதா?" என்று மட்டும் கேட்டாள்.

தேவகி ஃபோனை அம்மாவின் காதோடு வைத்தாள். உஸ்ஸென்றது. அம்மாவின் நெற்றி சுருங்கி, பிறகு மெல்ல விரிந்தது.

"மழயில நின்னு பேசறான்" என்றாள். "நனையாத. உள்ள வாடா."

நாற்பது விநாடி முடிந்தது.

"இன்னொரு வாட்டி."

தேவகி போட்டாள். மூன்றாவது தரம் முடிவதற்குள் அம்மாவிடம் மூச்சில்லை.

அம்மாவை எடுப்பதற்கு முன் சித்தி அந்த ஃப்ளாப்பியைத் தேடி எடுத்தாள். "புள்ளையோட பொருளு. அவகூடவே போவட்டும்" என்று பைக்குள் வைத்து மூடியை விட்டாள். தக்கென்று ஒட்டிக்கொண்டது.

"நீ போட்ட பட்டன்தான? இத்தினி வருசமாச்சு, இன்னா கெட்டியாப் புடிக்குது பாரேன்."

தேவகி பையை வாங்கி அம்மாவின் கைக்கடியில் வைத்தாள்.