படகோட்டி பேச்சு வேண்டாம்

சலவைக்கடைக்காரி அன்றைக்கு மத்தியானத்தோடு பாய்லரை அணைத்துவிட்டாள். துணி தொங்கும் சக்கர ஸ்டாண்டுகளை எல்லாம் சுவரோரம் ஒதுக்கினாள். இஸ்திரி மேஜைமேல் வெளுத்த விரிப்பு ஒன்றைப் போட்டாள். அக்கம்பக்கத்துக் கடைகளில் இரவல் வாங்கிய நாற்காலிகளை அதைச் சுற்றி வட்டமாக அடுக்கினாள். அடுக்கி முடித்தவள், ஒரு நாற்காலியை மட்டும் தூக்கிக்கொண்டு போய்ப் பின்பக்கம், துவைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில், தூணுக்கு மறைவாக வைத்தாள். அது கொழுந்தனுக்கு.

"அண்ணி, அங்க உக்காந்தா எனக்கு அவங்க செருப்பு மட்டுந்தான் தெரியும்."

"செருப்பைப் பாரு. போதும்."

"மெஷின் ஓடினா காதும் கேக்காது."

"ஓடவிட்டுத்தான் வைக்கப் போறேன்."

கொழுந்தன் லிஃப்ட் மெக்கானிக். தெருவில் அவனுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். சினிமாவுக்குப் போனால், கதாநாயகன் சட்டையில் இருந்த பொத்தான் அடுத்த காட்சியில் காணாமல் போனதைப் பக்கத்து ஆளைத் தட்டிச் சொல்வான். ஒரு சாவு வீட்டில் எல்லாரும் தலைகுனிந்து நின்றபோது, சுவரில் சாய்ந்திருந்த படத்தை எழுந்து போய் நிமிர்த்திவிட்டு வந்தவன். ஏனப்பா இப்படி என்று கேட்டால், லிஃப்ட் கால் அங்குலம் கீழே நின்றால் ஆள் தடுக்கி விழுவான், பழக்கமாகிவிட்டது என்பான். நல்ல பிள்ளைதான். அண்ணன் நோயில் படுத்ததிலிருந்து, விடிகாலையில் அண்ணன் தூக்கிய சலவை மூட்டைகளை எல்லாம் இவன்தான் தூக்குகிறான். வீடு வீடாகக் கொடுத்து முடித்த பிறகுதான் தன் வேலைக்குப் போகிறான். ஆனால் வாய் இருக்கிறதே, அதற்குப் பூட்டும் கிடையாது, தாழ்ப்பாளும் கிடையாது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அவளுக்கு ஊர் வாயைப் பற்றிக் கவலை இல்லை, இந்த ஒரு வாய்க்குத்தான் மூடி தேடினாள்.

காரணம், அன்றைக்கு வரப்போகிறவர் எழுத்தாளரம்மா.

நாடிழந்த ஒரு ராணியின் கதையை நாலு பாகமாக எழுதியவர். அந்த நாலு பாகத்தையும் படிக்கத்தான் இந்தச் சலவைக்கடையில் ஞாயிறுதோறும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஒரு கூட்டம் கூடுகிறது. பல் டாக்டரம்மா, பேக்கரிக்காரர், இன்னும் நாலைந்து பேர். ஒருவர் வாசிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். கோட்டை முற்றுகையான அத்தியாயத்தில் பேக்கரிக்காரர் அடுப்பை மறந்துவிட்டு வந்து, ஒரு சுற்று ரொட்டி கரியாகிப் போனது. ராணி பட்டினி கிடக்கும்போது ரொட்டி எனக்கு எதற்கு என்று சொல்லிவிட்டார் மனுஷன்.

எழுத்தாளரம்மாவோ தொட்டாற்சுருங்கி. முன்பு ஒரு மேடையில் யாரோ எழுந்து, அரண்மனைச் சமையலறையில் உருளைக்கிழங்கு வேகிறதே, அந்தக் காலத்தில் உருளைக்கிழங்கு கடல் தாண்டியே வரவில்லையே என்று கேட்க, கூடம் முழுக்கச் சிரித்ததாம். அவரும் கூடச் சிரித்தாராம். வீட்டுக்குப் போய்ப் பேனாவை மூடி வைத்தவர், பல வருஷம் திறக்கவே இல்லை. ஒரு கிழங்குக்கே அந்தப் பாடு. இந்தக் கூட்டத்துக்குத் தெரிந்ததோ கிழங்கு இல்லை, முழு ஆள்.

முதல் பாகத்தில் வெள்ளத்தில் போன படகோட்டி, நாலாம் பாகத்தில் அதே பெயரோடு, அதே தாடியோடு வந்து ராணியை அக்கரை சேர்க்கிறான். எழுதியவர் கொன்றதை மறந்துவிட்டார். படித்தவர்கள் மறக்கவில்லை. ஆனாலும் ஒருவரும் வெளியே மூச்சுவிட்டதில்லை. புதிதாகச் சேருகிறவர்கள் நாலாம் பாகத்துக்கு வந்ததும், புதையல் கண்டவர்கள்போல் மூச்சிரைக்க ஓடிவருவார்கள். "தெரியும், உக்காருங்க," என்பார் பல் டாக்டர். நூலகப் பிரதியில் எவனோ 'இவன் செத்தவன்தானே?' என்று ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்திருந்ததை, அவர் போய் அழித்துவிட்டே வந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, இவர்கள் ஒரு படகோட்டியையே மறைத்து வைத்திருந்தார்கள்.

சலவைக்கடைக்காரிக்கு அந்தப் படகோட்டி உறவுக்காரன் மாதிரி. புருஷன் பக்கவாதத்தில் விழுந்து, பேச்சும் போய்க் கிடந்தபோது, ஒரு கோட்டுப் பையில் யாரோ மறந்துவிட்ட முதல் பாகத்தைத்தான் அவருக்கு அவள் வாசித்துக் காட்டினாள். அவருக்குப் புரிகிறதா இல்லையா என்றுகூடத் தெரியாது. ஏதோ ஒரு குரல் வீட்டில் கேட்கட்டும் என்று வாசித்தாள். படகோட்டியை வெள்ளம் கொண்டுபோன பக்கத்தில், கட்டிலிலிருந்து, "அடப்பாவி," என்று ஒரு சத்தம் வந்தது. படகோட்டி செத்ததற்கு அப்படிச் சந்தோஷப்பட்ட வாசகி உலகத்தில் வேறு யாரும் இருக்கமாட்டாள். பின்னால் நாலாம் பாகத்தில் அவன் துடுப்போடு வந்து நின்றதும் அவள் வாசிப்பதை நிறுத்தினாள். "வந்துட்டான்," என்றார் அவர், வாய் கோணச் சிரித்தபடி. "ஆமாங்க, வந்துட்டான்," என்று சொல்லிவிட்டு மேலே வாசித்தாள். தப்பாவது, ஒன்றாவது.

இப்போது அவர் கடையில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, தினமும் ஒரு தடவையாவது அவளைப் பார்த்து, "ராணி?" என்று கேட்பார். ஐந்தாம் பாகம் எப்போது என்று அர்த்தம். எழுதிக்கிட்டு இருக்காங்களாம் என்பாள். அந்த ஐந்தாம் பாகத்துக்குத்தான் இன்றைக்குக் கண்டம். ஒரு வாய் தவறினால் போதும், ராணி நாடு திரும்பவே மாட்டாள். இந்த மனுஷரும் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோவார்.

"தம்பி, கையெடுத்துக் கும்பிடறேன். படகோட்டி பேச்சு வேண்டாம்."

"ஏன் அண்ணி, நான் என்ன அவங்களை அடிக்கவா போறேன்?"

"நீ படத்தை நிமித்தறவன்டா."

அவன் தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தான். முகம் வாடிப்போயிருந்தது. பாவம் என்று இருந்தது அவளுக்கு. ஆனாலும் மெஷினைப் போட்டுவிட்டாள்.

எழுத்தாளரம்மா வாடகைக் காரில் வந்து இறங்கினார். புத்தக அட்டையில் இருக்கும் படத்தைவிட ரொம்பச் சின்ன உருவம். காலை ஊன்றி ஊன்றி நடந்துவந்து, நாற்காலியின் நுனியில், எந்த நிமிஷமும் எழுந்து போகிறவர்போல உட்கார்ந்தார். கைப்பையை மடியிலிருந்து கீழே வைக்கவே இல்லை.

"ஏதோ ஓடுது போலிருக்கே?"

"துணி துவைக்குதும்மா."

"கொஞ்சம் நிறுத்தினா நல்லாருக்கும். எனக்கு ஒரு காது மந்தம்." பிறகு கழுத்தை நீட்டிப் பார்த்தார். "அவரு ஏன் அங்க தனியா உக்காந்திருக்காரு? ஏதாவது தண்டனையா?"

பேக்கரிக்காரர் இருமினார். வேறு வழியில்லாமல் மெஷின் நின்றது. கொழுந்தனும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முன்னால், எழுத்தாளரம்மாவுக்கு நேர் எதிரே வந்து உட்கார்ந்தான்.

ஒவ்வொருவராகப் பேசினார்கள். பேக்கரிக்காரர் கரிந்த ரொட்டியைச் சொன்னார். பல் டாக்டர், "உங்க போர்க்களத்தைப் படிச்சிட்டு மறுநாள் பல்லு பிடுங்கப் போனா, எனக்கே கை நடுங்குதும்மா," என்றார். சலவைக்கடைக்காரி, புருஷனுக்குப் பேச்சு வந்த கதையை, எந்தப் பக்கத்தில் வந்தது என்பதை மட்டும் விழுங்கிவிட்டுச் சொன்னாள். எழுத்தாளரம்மா சாய்வு நாற்காலியில் இருந்த அவரைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பையின் வாரை விரலில் சுற்றியபடி சொன்னார்.

"கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இப்படித்தான் அன்னிக்கும் நல்லதா பேசிக்கிட்டே இருந்தாங்க, கடைசியில ஒருத்தர் எந்திரிச்சாரு. அதனால முதல்லயே கேட்டுடறேன். என் புத்தகத்துல குத்தம் ஏதாவது கண்ணுல பட்டிருந்தா இப்பவே சொல்லிடுங்க. எப்ப வரும், எப்ப வரும்னு என்னால உக்காந்திருக்க முடியாது."

பல் டாக்டர் மின்விசிறியைப் பார்த்தார். பேக்கரிக்காரர் தன் நகத்தைப் பார்த்தார். இதைப் போய்ப் பூதக்கண்ணாடிக்கு முன்னாலா கேட்பது? கொழுந்தன் கையைத் தூக்கினான். சலவைக்கடைக்காரி எதிரே இருந்த நாற்காலி முதுகை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு குறை இருக்கும்மா."

"சொல்லுங்க." அந்தக் குரல் அதற்குள் பாதி எழுந்து நின்றுவிட்டது.

"முதல் பாகத்துல படகோட்டி வெள்ளத்துல போயிட்டான்."

பல் டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

"நாலாம் பாகத்துல ராணியை அக்கரை சேர்க்கிறது அவனோட தம்பி. அச்சு அசல் அண்ணன் மாதிரியே இருப்பான். அதெல்லாம் எங்களுக்குப் புரியுது. அண்ணன் இல்லாதப்போ தம்பிதானே துடுப்பு எடுக்கணும்? எடுக்கட்டும், தப்பில்ல. ஆனா நீங்க அவனுக்குன்னு ஒரு பேரு வைக்கலைம்மா. அக்கரையில இருக்கறவங்களும் அண்ணன் பேரைச் சொல்லிக் கூப்பிடறாங்க, இக்கரையிலயும் அதே பேருதான். அவனும் பேசாம திரும்பிப் பாக்கறான். எனக்குப் படிக்கும்போதெல்லாம் அது ஒண்ணுதான் மனசுக்குக் கஷ்டமா இருக்கும்."

மூட்டையோடு போய் நின்ற வாசலில் எல்லாம் அவனை அண்ணன் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள் என்பது சலவைக்கடைக்காரிக்கு அப்போதுதான் உறைத்தது. அவனை நிமிர்ந்து பார்க்க அவளுக்கு முகமில்லை.

எழுத்தாளரம்மா வட்டத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். ஒருவரும் பார்வையைக் கொடுக்கவில்லை.

"இது உங்க எல்லாருக்கும் தெரியுமா?"

"எதும்மா?" என்றார் பேக்கரிக்காரர், பச்சைக் குழந்தை மாதிரி.

எழுத்தாளரம்மாவின் உதடு துடித்தது. அழப்போகிறார் என்று எல்லாரும் பதறினால், அவர் சிரித்தார். உடம்பு குலுங்கச் சிரித்துவிட்டு, பையைத் தரையில் வைத்தார். நாற்காலியில் நன்றாகப் பின்னால் தள்ளிச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"போன வருஷம்தான் திருப்பிப் படிச்சேன். அவன் செத்தவன்னு அப்பத்தான் பாத்தேன். அன்னிலேருந்து ஒரு வரி ஓடலை. நாடு திரும்ப வேண்டிய ராணியை அக்கரையிலயே நிறுத்திட்டு, படகுக்கு ஆள் இல்லாம, நானும் அவளோட ஆத்தோரமே நின்னுக்கிட்டிருக்கேன்." கொழுந்தனைப் பார்த்தார். "தம்பின்னு எனக்குத் தோணவே இல்லையே, அப்பா."

நாற்காலி முதுகிலிருந்து சலவைக்கடைக்காரியின் விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன. "டீ போடறேன்," என்றாள், யாரிடம் என்றில்லாமல்.

அதற்குள் ஆளாளுக்குப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். தம்பிக்கு நீச்சல் தெரியும் என்றார் பல் டாக்டர். கல்யாணம் ஆகவில்லை என்றார் பேக்கரிக்காரர். "உங்களுக்கு யாரு சொன்னது?" என்று கொழுந்தன் அவரோடு சண்டைக்குப் போனான். எழுத்தாளரம்மா கேட்கிற காதை அவர்கள் பக்கம் திருப்பிக்கொண்டு, மேஜையில் கையூன்றி முன்னால் குனிந்திருந்தார்.

"அண்ணன் நேரா நின்னு தள்ளுவான்," என்றார் அவர். "அது எனக்குத் தெரியும். தம்பி எப்படித் துடுப்பு போடுவான்?"

சாய்வு நாற்காலி கிறீச்சிட்டது. சலவைக்கடைக்காரியின் புருஷன் விளங்குகிற கையைத் தூக்கினார். தன் தம்பியை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு உட்கார்ந்தபடியே, மூட்டை சுமக்கிறவன்போல் தோளைச் சாய்த்து, இல்லாத துடுப்பை நீட்டிப் போட்டு, மெதுவாக இழுத்தார். மறுபடி போட்டார், இழுத்தார். வெளுத்த விரிப்பின் மேல் எழுத்தாளரம்மாவின் கையும், தனக்கே தெரியாமல், அதே சாய்வில் போய் வந்துகொண்டிருந்தது.