அலமாரியில் வந்த விபூதி

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் அலமாரியில் பூஞ்சணம் பிடித்தது. அதை ஒழிக்க வழி தேடப்போய் ஒரு கதையோடு திரும்பினேன். சட்டைகள் இன்னும் நாறிக்கொண்டுதான் இருக்கின்றன.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "திருத்தணி மலையடிவாரத்தில் ஐப்பசி மழை—"

வேண்டாம். மழையில் தொடங்காத எழுத்தாளன் எவன் இருக்கிறான்? ஜம்பகத்திடமிருந்து தொடங்குகிறேன்.

2.

ஜம்பகம் படுக்கையறை அலமாரியைத் திறந்தாள். உள்சுவர் முழுக்க வெள்ளை வெளேரென்று பொடி. அவள் கணவர் ஷண்முகசுந்தரம், மலைக்கோயில் மடைப்பள்ளியில் முப்பது வருஷமாகச் சமைப்பவர், பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். மனுஷருக்குக் கண் கலங்கிவிட்டது.

"விபூதிடி! தணிகை முருகன் நம்மாத்துக்கே வந்துட்டான்!"

விரலால் தொட்டார். பிரசவத்துக்கு வந்திருந்த மகள் சாய்லக்ஷ்மியின் மூன்று மாதக் குழந்தைக்கு நெற்றியில் இட்டார். அன்றுமுதல் தினமும் இட்டார்.

(சிரிக்காதீர்கள். நானும் சிரித்துக்கொண்டேதான் எழுதினேன். பிறகு என் அலமாரிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். வெளிச்சம் கிடையாது, விதைத்தவர் கிடையாது, கொஞ்சம் ஈரம், அவ்வளவுதான். அதில் மயிரிழை மயிரிழையாக ஒரு தோட்டமே நின்றது. அம்மாடி! எனக்கே கை கூப்பத் தோன்றியது. அவர் கும்பிட்டதில் என்ன தப்பு?)

3.

தப்பு இருந்தது. அவர் மலையில் இருந்தபோது குழந்தைக்கு இழுப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஜெயம்மா அதன் நெற்றியை முகர்ந்து பார்த்தாள்.

"இன்னாம்மா இது, பூசண வாடை அடிக்குது? இத்த பூசிகினே இருந்தா புள்ள எப்டி மூச்சு வுடும்? வீட்ல ஈரம் எங்கேர்ந்து வருதுன்னு மொதல்ல பாருங்க."

ஜம்பகத்துக்குத் தெரியும். அவருடைய மடி வேட்டி. மடைப்பள்ளிக்குக் கட்டிப்போகும் அந்த வேட்டியைத் துவைத்து உலர்த்திவிட்டால் வேறு யாரும் தொடக்கூடாது. இந்த வாடகை வீட்டில் கொடி பொதுமாடியில். பத்துப் பேர் கை படும். அதனால் அவர் அதைச் சொட்டச் சொட்ட அலமாரிக்குள் தொங்கவிட்டுக் கதவைச் சாத்திவிடுவார். சாமி புறப்பட்டு வந்தது அந்த வேட்டியிலிருந்துதான். முப்பது வருஷத்தில் அவளே அதைத் தொட்டதில்லை.

4.

[அவர் மலைக்குப் போனதும் ஜம்பகம் ரகசியமாகச் சுவரைத் துடைத்து—] அடித்துவிட்டேன். அவள் அப்படிப்பட்டவள் அல்ல.

[அன்றிரவு அவர் கனவில் முருகன்—] சீ, போதும்.

நடந்தது இது. மறுநாள் காலை விரலில் வெள்ளையோடு அவர் தொட்டிலுக்குத் திரும்பினார். ஜம்பகம் அலமாரிக்குள் கைவிட்டு ஈர வேட்டியை உருவி எடுத்தாள்.

"ஏய், மடிடி அது!"

"தெரியும்னா. இந்த வேட்டியோட ஈரம்தான் அங்க வெள்ளையாப் படிஞ்சிருக்கு. குழந்தைக்கு மூச்சு முட்டறது. இனிமே இது வெயில்லதான் காயும். யார் தொட்டாலும் தொடட்டும்."

அவர் தன் விரலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்போ... அவன் வரலையாடி?"

5.

ஜம்பகம் என்ன சொன்னாள்? மூன்று பதில் எழுதிக் கிழித்தேன். ஒன்று அவரைக் கொன்றது, ஒன்று பொய், மூன்றாவது எனக்கே புரியவில்லை.

நீங்கள் சொல்லுங்கள். சீக்கிரம், தாத்தாவின் விரலைப் பார்த்துக் குழந்தை சிரிக்கிறது, அந்த வெள்ளை விரல் இன்னும் தொட்டிலுக்கு மேலேதான் இருக்கிறது. நான் ஏதோ ஒரு முடிவைப் போட்டுக் கதவைச் சாத்தலாம்தான். சாத்தினால் உள்ளே மறுபடி பூஞ்சணம் பிடித்துக்கொள்ளும்.

திறந்தே விட்டுப் போகிறேன்.