அவனுக்குப் பின் ஒரு நாள்

கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்கார வேண்டும். கையை ஊன்றினால் கணக்கில் சேராது. அம்மாவுக்கு மூன்றாவது தடவையே முழங்கால் மளுக்கென்றது. நர்ஸ் கடிகாரத்தை நிறுத்திவிட்டு, "போன தடவைக்கு இது பரவாயில்லம்மா" என்றாள்.

"அப்ப எனக்குக் குடுக்கறது நெஜ மாத்திரைதானே? மருந்தில்லாத மாத்திரை இல்லையே?"

"எங்களுக்கே தெரியாதும்மா. ஆராய்ச்சி முடிஞ்சாத்தான் பிரிச்சுப் பாப்பாங்க."

மூப்பைத் தள்ளிப்போடும் மருந்தாம். வேலை செய்கிறதா என்று சோதிக்க ஆள் எடுத்திருந்தார்கள். வெளியே பெஞ்சில் இருந்தவர்களெல்லாம் எமனிடம் வாய்தா வாங்க வந்தவர்கள். நரை கறுக்குமா என்பது வரை விசாரித்தார்கள். அம்மாவுக்கு அந்த ஆசையெல்லாம் இல்லை. மகன் குட்டிக்கு அப்புறம் ஒரே ஒரு நாள் உயிரோடு இருந்தால் போதும். நாற்பது தாண்டி மீசை நரைத்தும் அவன் குட்டிதான். சட்டைப் பொத்தானை இன்னும் அவள்தான் போட்டுவிட வேண்டும். அவளுக்குப் பிறகு யார் போடுவார்கள்? உறவில் கேட்டுப் பார்த்துவிட்டாள். எல்லோரும் அன்பாகப் பேச்சை மாற்றினார்கள்.

மறுநாள் காலை, தைக்க வந்த துணிக்காக ஊசியில் நூல் கோக்கக் கண்ணாடி போட்டவள், அதைக் கழற்றாமலே மாத்திரையைத் தட்டில் வைத்துவிட்டுத் தண்ணீர் எடுத்துவரப் போய்த் திரும்பினாள். தட்டில் பாதி மாத்திரைதான் இருப்பது அன்றுதான் கண்ணில் பட்டது. குட்டி எதையோ மென்றுகொண்டிருந்தான்.

"எங்கடா மீதி?"

"பாதி எனக்கு."

சின்ன வயதிலிருந்து பழக்கம். அவள் எதைத் தின்றாலும் பாதி அவனுக்கு.

"தினமும் இப்படித்தானா?"

பெருமையாகத் தலையாட்டினான்.

பளாரென்று அறைந்துவிட்டாள். அப்புறம்தான் ஏன் என்று யோசித்தாள். மருந்து அவனை ஏதாவது செய்துவிடுமோ என்ற பயம் இரண்டாவதாகத்தான் வந்தது. முதலில் வந்தது, இவன் ஆயுசும் நீண்டால் என் ஒரு நாள் என்னாவது என்பது. பெற்ற மனம் பித்து என்பார்கள். பித்துக்கு இப்படியும் கணக்குப் போடத் தெரிந்திருந்தது. அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. நர்ஸிடம் சொன்னால் சோதனையிலிருந்து நீக்கிவிடுவார்கள். சொல்லாவிட்டால், பாதி மருந்தில் எழுந்த முழங்காலை முழு மருந்தின் பலன் என்று எழுதிக்கொள்வார்கள். அன்று பூராவும் தையல் ஓடவில்லை.

அடுத்த நாள் முழு மாத்திரையைத் தட்டில் வைத்தாள், எடுக்கவில்லை. இருப்புக்கொள்ளாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு எழுந்து எழுந்து உட்கார்ந்தாள். குட்டியும் எதிரில் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டு ஆரம்பித்தான். கொஞ்ச நேரத்தில் அவளைவிட அவனுக்குத்தான் அதிகமாக மூச்சு வாங்கியது. அந்தச் சத்தத்தில் அவளுக்கு ஒரு கணம் நிம்மதி வந்தது. உடனே எழுந்து அவன் தோளைப் பிடித்தாள்.

"போதும், உக்காருடா."

"நீ உக்காந்தா நானும்."

அவள் உட்கார்ந்தாள். அவனும் உட்கார்ந்தான். நடுவில் தட்டில் மாத்திரை இருந்தது. அவன் கையை நீட்டவில்லை. அவள் எடுக்கட்டும் என்று காத்திருந்தான்.